கட்டணமில்லாச் சொற்பொழிவு: பெரம்பூர் முதல் லிங்கராஜபுரம் வரை

பெங்களூரு மாநகரின் வடகிழக்கே, பழைய கண்டோன்மெண்டை அடுத்து, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள பகுதி லிங்கராஜபுரம். 1809ஆம் ஆண்டில் அல்சூரை அடுத்து ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தபோது, அம்முகாமின் தேவைகளை ஒட்டித் தமிழ் பேசும் கொத்தர்களும் தச்சர்களும் வணிகர்களும் வீட்டு வேலை செய்வோரும் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவியபின், நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் பிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. காலப்போக்கில் குடியிருப்புகள் இருப்புப்பாதையையும் கடந்து பரவின. இன்று லிங்கராஜபுரத்தில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், உருது ஆகிய ஐந்து மொழிகளையும் கேட்கலாம்.

இத்தகைய பகுதியில் வாழும் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றவர், முப்பது வயதில் மறுபடியும் கற்க விரும்பினால் எங்கே செல்வது? இவ்வினாவுக்கு விடையாக நம் நாட்டில் தோன்றியதே சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டில் ஜோலியட் நகரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி இதற்கு முன்னோடி. இந்தியாவில் 1995ஆம் ஆண்டில் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996ஆம் ஆண்டில் சென்னை மயிலை உயர் மறைமாவட்டமும் இம்முயற்சியை மேற்கொண்டன. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதை ஒரு திட்டமாக ஏற்றது. செவிலியர் உதவியாளர், குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், தையற் கலைஞர், கணக்கு எழுதுபவர் எனப் பல தொழில்களுக்கு இக்கல்லூரிகள் மக்களை ஆயத்தம் செய்கின்றன.

மானியக் குழு வகுத்த நெறிமுறைகளின்படி, ஓராண்டு டிப்ளமோ படிப்புக்குரிய 60 கிரெடிட்டுகளில் 36 தொழில் திறனுக்கும் 24 பொதுக் கல்விக்கும் உரியவை. இந்த 24 எவ்வாறு செலவாகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் பேசும் பயிற்சி, கணிப்பொறி அறிமுகம், நடைமுறை ஒழுங்கு ஆகியவற்றிலேயே அதன் பெரும்பகுதியைக் கழிப்பது எளிது. அவை தேவையானவையே. ஆயினும் கல்லூரியின் கதவுகளை வாரம் ஒரு மாலை அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டு, இலக்கியமும் கலையும் பற்றிக் கட்டணமில்லாமல் சொற்பொழிவு நடத்துவதும் பொதுக் கல்வியே ஆகும். இதனை அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. பசித்தவனிடம் பாட்டுப் பாடலாமா என்று அவர்கள் கேட்பர். அவர்களுக்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் தொழிலாளர் வரலாற்றிலேயே உள்ளது.

பெரம்பூர்ச் சபை

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், சென்னைப் பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற அமைப்பு இயங்கி வந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகிய இருவரும் அதனை நடத்தினர். அங்கு சமயச் சொற்பொழிவுகள் நிகழும். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அவற்றைக் கேட்க வருவர். நாளெல்லாம் தறியின் ஓசையில் நின்றவர்கள் கூடியிருந்து செவிமடுக்கக் கிடைத்த இடம் அது. கூடிய இடத்தில் பேச்சும் பிறந்தது. உணவு இடைவேளையின் குறுகிய அளவையும், மேலாளர்களின் கடுமையையும், ஊதியத்தின் போதாமையையும் அவர்கள் சபையாரிடம் எடுத்துரைத்தனர். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும், அன்னி பெசன்ட் அம்மையாரின் துணைவராகப் பணியாற்றிய பி.பி. வாடியாவும் அழைக்கப்பட்டனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா அதன் தலைவரானார். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுவர்.

புராணம் கேட்க வந்தவர்கள் சங்கம் அமைத்தனர் என்பதனால், ஒவ்வொரு சொற்பொழிவும் ஒரு சங்கத்தைத் தோற்றுவிக்கும் என்று கொள்ள வேண்டியதில்லை. எவரும் நுழையலாம், எவரும் உட்காரலாம், எவரும் கேட்கலாம் என்ற நிலை ஓரிடத்தில் தொடர்ந்து இருந்தால், மக்கள் தம் நிலையைத் தாமே எடுத்துச் சொல்லும் பழக்கம் அங்கே வளர்கிறது. நடத்துவோர் எதிர்பாராத விளைவு அது. எனினும் அத்தகைய இடம் முன்பே இருந்ததனால்தான் அது நிகழ முடிந்தது.

இதே வாடியாவின் பெயர் பெங்களூருவிலும் நிலைத்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், அவரும் அவர் துணைவியார் சோபியா வாடியாவும் பசவனகுடியில் ஒரு பண்பாட்டு நிலையத்தைத் தொடங்கினர். இண்டியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்டு கல்ச்சர் என்று அது இன்று வழங்குகிறது. இந்திய எழுத்தாளர்களுக்கான பி.இ.என். அமைப்பை 1933ஆம் ஆண்டில் பம்பாயில் நிறுவியவர் சோபியா அம்மையார். பசவனகுடி நிலையத்தில் சொற்பொழிவு கேட்கக் கட்டணமில்லை. கல்வித் தகுதி கேட்பதுமில்லை. சொற்பொழிவு மண்டபத்தோடு ஒரு நூலகமும் இணைந்துள்ளது. கேட்டதைப் பற்றி மேலும் அறிய விரும்புபவர் அதே கட்டடத்தில் நூலை எடுத்துப் படிக்கலாம். ஆற்றப்பட்ட உரைகளிற் பலவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டதும் இந்நிலையத்தின் பணியாகும். வாடியா 1958ஆம் ஆண்டில் காலமானார், சொற்பொழிவுகள் நிற்கவில்லை.

அதே 1945ஆம் ஆண்டில், அதே பகுதியில், கன்னடப் பேரறிஞர் டி.வி. குண்டப்பா கோகலே பொதுவாழ்வு நிலையத்தை நிறுவினார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர் அவர். கீதையைப் பற்றி அவர் எடுத்துரைத்த விளக்கங்கள் நூலுருப் பெற்று, 1967ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றன. மைசூர்ப் பல்கலைக்கழகமோ தன் ஆசிரியர்களைச் சிற்றூர்களுக்கும் அனுப்பிக் கன்னடத்தில் உரையாற்றச் செய்து, அவ்வுரைகளை எளிய விலையில் சிறு நூல்களாக்கி விற்றது. ஆக, கட்டணமில்லாச் சொற்பொழிவு என்பது இம்மாநிலத்திற்குப் புதிய சரக்கு அன்று.

ஆனால் பசவனகுடி நகரின் தென்பகுதியில் உள்ளது. லிங்கராஜபுரத்தில் இருப்பவர் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி, மாநகரைக் குறுக்கே கடந்து சென்று உரை கேட்டு, இரவு வீடு திரும்புவது எளிதன்று. பெண்களுக்கு அது பெரும்பாலும் இயலாது. இவ்விடத்திற்கு அண்மையில் உள்ளது அல்சூர் ஏரிக்கரையை அடுத்த பெங்களூருத் தமிழ்ச் சங்கம். 1950ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கம், நூலகத்தோடும் இலக்கியக் கூட்டங்களோடும் இயங்கி வருகிறது. எனினும் தமிழ்ச் சங்கத்திற்குச் செல்பவர், தமிழ் இலக்கியம் தமக்கு வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவர். அவ்வாறு முடிவு செய்யாதவர் தொகையே மிகுதி. தெருமுனையிலேயே மண்டபம் இருந்தால்தான், வேறு வேலையாக அவ்வழியே செல்பவரும் ஒருநாள் உள்ளே வந்து அமர்வார்.

செவியில் உள்ள தமிழ்

லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பிள்ளைகள் ஆங்கில வழியிலோ கன்னட வழியிலோ பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ்த் திரைப்படம் பார்க்கின்றனர். பாடல்களை மனப்பாடமாகச் சொல்கின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாதவர் பலர். எழுத்தறிவுக் கணக்கெடுப்பு இவர்களை எழுத்தறிந்தோர் என்றே கொள்ளும். அதில் தவறும் இல்லை. ஆயினும் தாய்மொழியில் எழுதப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுச் செல்வம் அவர்களுக்கு மூடிய பெட்டகமாகவே உள்ளது. பாட்டி சொன்ன பழமொழி தெரியும்; அது எந்நூலிலிருந்து வந்தது என்பது தெரியாது.

இவர்களுக்கு நூலைக் கையில் கொடுத்துப் பயனில்லை. செவி வழியே கொடுப்பதுதான் முதல் வழி. இவ்வழி நம் முன்னோர் நன்கு அறிந்ததே. வட தமிழகத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவின்போது, பாரதப் பிரசங்கியார் பகற்பொழுதில் வில்லிபாரதப் பாடலைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே பகுதி கூத்தாக நிகழும். விழா முடியும் வரை பல நாள்கள் இது தொடரும். எழுத்தறியாத உழவர்களும் பாரதத்தின் நுட்பங்களை வாதிட்டது இவ்வாறுதான். கன்னட நாட்டிலும் கமகக் கலை இதற்கு இணையானது. ஒருவர் குமாரவியாசரின் பாரதத்தை இசையோடு படிப்பார். மற்றொருவர் விளக்கம் கூறுவார். கண்டோன்மெண்டுக்கு வந்த தமிழர்களிற் பலர் பாரதம் படித்த ஊர்களிலிருந்தே வந்தவர்கள். தறியும் கரண்டியும் அவர்களோடு வந்தன. பிரசங்கியாரின் பாய் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டது.

மேடைப்பேச்சு நம்மிடம் குறைவாக உள்ளது என்று எவரும் கூற முடியாது. குறைவாக உள்ளது தொடர்ச்சியே. ஒருநாள் வந்து ஒருமணி நேரம் முழங்கிச் செல்லும் பேச்சு கைதட்டலைப் பெறும். மறுவாரம் அதன் சுவடு இராது. பாரதப் பிரசங்கம் பல நாள் நீண்டதனால்தான் ஊரின் உடைமையாயிற்று. ஆதலால் சமுதாயக் கல்லூரியின் சொற்பொழிவும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு எட்டு அல்லது பத்து வாரம் செல்வதாக இருத்தல் நலம்.

சுவரில் விட்டுச்சென்ற படங்கள்

மேலை நாட்டு அனுபவத்திலிருந்தும் ஓரிரு செய்திகளை இங்கே குறிப்பிடலாம். இலண்டனில் 1597ஆம் ஆண்டு முதல் கிரெஷாம் கல்லூரி பொதுமக்களுக்குக் கட்டணமின்றிச் சொற்பொழிவு நடத்தி வருகிறது. தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் எழுதிவைத்த உயிலின் பயன் அது. அங்கு மாணவர் சேர்க்கை இல்லை, பட்டமும் இல்லை. தொடக்கத்தில் ஒரே உரை இருமுறை நிகழ்த்தப்பட்டது: அயல்நாட்டறிஞர் பொருட்டு இலத்தீனில் ஒருமுறை, நகரத்தார் பொருட்டு ஆங்கிலத்தில் ஒருமுறை. பன்மொழி பேசும் லிங்கராஜபுரத்தில், ஒரே உரையை ஒரு வாரம் தமிழிலும் மறுவாரம் கன்னடத்திலும் நிகழ்த்துவது குறித்து எண்ணுவோருக்கு இது பயன்படும்.

மற்றொரு நிகழ்ச்சி கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பற்றியது. 1867ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் நகரங்களில் பெண்களுக்கு வானியல் பற்றித் தொடர் உரைகள் ஆற்றத் தொடங்கியவர் இவர். கேட்போர் குறிப்பெடுக்க உதவியாக ஒவ்வோர் உரைக்கும் சுருக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தார். இளம் ஆசிரியர் ஒருவர் பெண்களோடு நேருக்கு நேர் வினாவிடை நிகழ்த்துவது முறையன்று என்று அக்காலத்தில் கருதினமையால், வினாக்களையும் அச்சிட்டுக் கொடுத்து விடைகளை எழுத்தில் பெற்றார். கட்டுப்பாட்டின் விளைவாகப் பிறந்த இம்முறை நல்ல பயிற்சியாகவே அமைந்தது.

பின்னர் அவர் ராச்டேல் நகரில், புகழ்பெற்ற கூட்டுறவுச் சங்கத்தின் தொழிலாளர் உறுப்பினர்களுக்கு உரையாற்றினார். ஒருநாள் அவசரமாகப் புறப்பட நேர்ந்ததால், விளக்கப் படங்களை அடுத்த வாரம் வரை சுவரிலேயே இருக்கவிடுமாறு மண்டபக் காவலரிடம் கூறிச் சென்றார். திரும்பி வந்தபோது காவலர், படங்களை விட்டுச்சென்றது மிக நல்லதாயிற்று என்றும், உறுப்பினர்கள் அவற்றின்முன் கூடி விவாதித்தனர் என்றும், உங்களிடம் கேட்கப் பல வினாக்கள் வைத்திருக்கின்றனர் என்றும் தெரிவித்தார். அதன்பின் உரையோடு ஒரு கலந்துரையாடல் வகுப்பையும் ஸ்டூவர்ட் சேர்த்துக்கொண்டார். 1873ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இம்முறையை ஏற்று, வெளியூர் விரிவுரைத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தைத் திருத்தியதில் மண்டபக் காவலருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம் நிருவாகிகள் நினைவிற் கொள்ளலாம்.

எதைப் பற்றிப் பேசுவது?

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் லிங்கராஜபுரத்திற்குப் பஞ்சமில்லை. சிலப்பதிகாரத்தில் வணிகர் உண்டு, பொற்கொல்லர் உண்டு, ஆயர் உண்டு, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் கணவன் மனைவி உண்டு. வேலை தேடிக் கண்டோன்மெண்டுக்கு வந்த குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு, கோவலனும் கண்ணகியும் மதுரையை நோக்கி நடந்த நடையை விளக்குவதற்கு அதிகம் முயல வேண்டியதில்லை.

இரு மொழிகளுக்கும் பாலமாக நின்றவர்களைப் பற்றிய உரைகள் இன்னும் சிறந்தவை. 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் வீட்டு மொழி தமிழ். ஏ.கே. இராமானுஜன் 1929ஆம் ஆண்டில் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். குறுந்தொகைப் பாடல்களை 1967ஆம் ஆண்டிலும், கன்னட வசனங்களை 1973ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் நூலாக வழங்கினார். தாம் பேசும் மொழி ஒன்று, வாழும் மண்ணின் மொழி வேறு என்பதைக் குறையாகக் கருதிக் கூசும் இளைஞர், இவ்விருவர் வரலாற்றையும் கேட்டறிவது நல்லது.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே நின்றதையும், 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அது திறக்கப்பட்டதையும், நான்கு நாள்களுக்குப்பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் இப்பகுதியினர் அறிவர். சிலைகளைக் கண்டவர் பலர்; வள்ளுவரையும் சர்வக்ஞரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துக் கேட்டவர் சிலரே. ஈரடியில் ஒருவர் சொன்னதை மூவடியில் மற்றவர் எவ்வாறு சொன்னார் என்பதை ஒரு மாலை முழுவதும் பேசலாம். இரு மொழியினரும் ஒரே பாயில் அமர்ந்து கேட்கக்கூடிய உரை அது.

கலை பற்றிய உரைகளை மண்டபத்திற்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டியதில்லை. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூரின் பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவற்றில் காணப்படுகிறது. பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளைப் பி.எல். ரைஸ் தொகுத்து 1905ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கல்வெட்டறிந்த ஆசிரியர் ஒருவரோடு அங்கு சென்று, எழுத்தை விரலால் தொடர்ந்து படித்துக் காட்டினால், பள்ளி வரலாற்றுப் பாடத்தில் எங்கோ இருந்த பழங்காலம், பேருந்தில் செல்லும் தொலைவுக்கு வந்துவிடும். அரசு அருங்காட்சியகமும் வெங்கடப்பா ஓவியக் கூடமும் கப்பன் பூங்காவை ஒட்டி அருகருகே உள்ளன. அவற்றையும் வகுப்பறையாகக் கொள்ளலாம்.

நடைமுறைச் செய்திகள்

செலவு பெரிதன்று. கல்லூரியின் வகுப்பறைகள் மாலையில் காலியாகவே உள்ளன. ஒலிபெருக்கி ஒன்று, பேச்சாளருக்குப் போக்குவரத்துச் செலவும் சிறு மதிப்பூதியமும், ஒரு பக்கச் சுருக்கத்தைப் படியெடுக்கும் செலவு, தேநீர் ஆகியவை போதும். மதிப்பூதியத்தைக் கேட்க வந்தவர்களிடம் வசூலிக்கலாகாது. சிறு தொகையே ஆயினும், நுழைவாயிலில் பணம் கேட்டால் நாட்கூலி பெறுபவர் திரும்பிச் சென்றுவிடுவார். பெயர், முகவரி, கல்வித் தகுதி கேட்கும் படிவமும் அத்தகைய தடையே. வருகைப் பதிவேடு வேண்டும் என்று அலுவலகம் கேட்குமானால், தலைகளை எண்ணி எழுதிக்கொள்ளலாம்.

நாளையும் நேரத்தையும் மாற்றக்கூடாது. மழை பெய்தாலும், வந்தவர் அறுவரே ஆயினும், குறித்த நேரத்தில் உரை தொடங்க வேண்டும். நம் கூட்டங்களின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், எட்டு மணிக்குச் சமையல் செய்ய வேண்டிய பெண் பொருளுரை தொடங்குமுன் எழுந்து போய்விடுவார். பேச்சாளர் பெயரையும் பொருளையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் வரவேற்புரையின் பயன் முழுவதும் கிடைத்துவிடும். முக்கால் மணி நேரம் உரை, அரை மணி நேரம் வினா என்று வரையறுப்பது தகும். பிள்ளைகளோடு வருவோருக்காக அடுத்த அறையில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கலாம். கல்லூரி மாணவரே அதனைச் செய்யலாம்.

நூலகத் தொடர்பும் இன்றியமையாதது. 1965ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இம்மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. உரையில் எடுத்துக்கொள்ளும் நூலின் படிகளை, தமிழிலும் கன்னட மொழிபெயர்ப்பிலுமாக, அண்மையிலுள்ள கிளை நூலகத்தில் முன்கூட்டியே வைக்கச் செய்தல் வேண்டும். உரை முடிந்த பின் நூலைத் தேடி அலைபவர் மறுமுறை தேடுவதில்லை.

சொற்பொழிவைத் தொடர்ந்து கேட்டவர்களில், தாமே படிக்க வேண்டும் என்று விரும்புவோர் சிலர் இருப்பர். அவர்களுக்கு உரைக்கு முன்னர் அரை மணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பு நடத்தலாம். வயது வந்தோருக்குரிய அரிச்சுவடியை அங்கே தேட வேண்டியதில்லை. ராச்டேலில் படங்கள் இருந்ததுபோல், சென்ற வாரம் விளக்கப்பட்ட பாடலைப் பெரிய எழுத்தில் சுவரில் விட்டுவைத்தால் போதும். அப்பாடல் அவர்கள் செவியில் முன்பே உள்ளது. ஒவ்வொரு சொல்லையும் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே, எழுத்தை அடையாளம் காணத் தொடங்குவர்.